நெல்லைப் பருத்தியும் இங்கிலாந்துக் கால்பந்தும்... தெரியுமா உங்களுக்கு?

தூத்துக்குடியில் கப்பலேறிய நம்ம கரிசல் பருத்திக்கும், இங்கிலாந்தின் சனிக்கிழமைக் கால்பந்துக்கும் நடுவே ஒரு நூல் ஓடுகிறது. தெரியுமா உங்களுக்கு?

மான்செஸ்டர் யுனைடெட், செல்சி, ஆர்சனல் பேரெல்லாம் நம்ம பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் அதே நாட்டில் மூன்றாம் படி, நான்காம் படி லீகுகளில் சின்ன ஊர்களுக்காக ஆடியே குடும்பம் நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கதையை நமக்கு யாரும் சொல்வதில்லை. கேளுங்கள், ஒவ்வொன்றும் வாயைப் பிளக்க வைக்கும்!

பருத்தியின் பெயரே 'டின்னவெல்லி'!

19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையின் கரிசல் காட்டில் விளைந்த பருத்தியை வெளிநாட்டு வியாபாரிகள் நம்ம ஊர்ப் பெயராலேயே அழைத்தார்கள்: 'டின்னவெல்லி'. தூத்துக்குடியில் ஏறிய பொதி லிவர்பூலில் இறங்கும். அங்கிருந்து லங்காஷயர் நூற்பாலைகளுக்குப் போகும். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு அந்நாட்டுப் பருத்தி வரத்து அடைபட்டதும், இந்தியப் பருத்திக்கு வந்த கிராக்கி கொஞ்சநஞ்சமல்ல. அந்த ஆலைகளில் நூல் நூற்ற தொழிலாளிகள்தான் கால்பந்தைச் சீமான் வீட்டுப் பிள்ளைகளின் கையிலிருந்து வாங்கி ஊர் விளையாட்டாக மாற்றியவர்கள்!

சனிக்கிழமை 3 மணி எப்படி வந்தது?

இங்கிலாந்தில் ஆட்டம் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்குவது காலங்காலமான வழக்கம். காரணம் ஒரு தொழிற்சாலைச் சட்டம்! 1850இல் வந்த அந்தச் சட்டம், நெசவு நூற்பு ஆலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை 2 மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடுமா? எல்லோருக்கும் விடுப்பு. 2 மணிக்கு ஆலையை விட்டு வெளியே வந்தவர்கள், 3 மணிக்கு மைதானத்தில்!

இதைவிட வியப்பு இன்னொன்று. சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை இங்கிலாந்தில் எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையாகத் தொலைக்காட்சியில் காட்டுவதில்லை. சின்ன கிளப்புகளின் டிக்கெட் வசூல் படுத்துவிடக்கூடாது என்பதற்காக 1960-களில் வந்த ஏற்பாடு, இன்றும் நிற்கிறது. அதனால் மான்செஸ்டர்காரர் வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியாத ஆட்டத்தை, மேலப்பாளையத்துப் பையன் ராத்திரி டிவியில் பார்க்கலாம்!

அம்பாசமுத்திரம் அளவு ஊர்... அதற்கு ஒரு தொழில்முறை கிளப்!

உலகின் முதல் கால்பந்து லீக் 1888இல் 12 கிளப்புகளோடு தொடங்கியது. அதில் ஆறு கிளப்புகள் லங்காஷயரைச் சேர்ந்தவை. அந்த ஆறில் ஒன்று அக்ரிங்டன் என்ற நெசவாலை ஊரின் கிளப். மக்கள்தொகை சுமார் 35,000. ஏறக்குறைய நம்ம அம்பாசமுத்திரம்!

அந்த முதல் கிளப் மறைந்தது. அதே ஊரின் இன்னொரு கிளப்பான அக்ரிங்டன் ஸ்டான்லி 1962இல் கடனில் மூழ்கி லீகை விட்டு விலகியது. ஊர்க்காரர்கள் விடவில்லை. 1968இல் மறுபடி தொடங்கினார்கள், படிப்படியாக ஏறினார்கள், 2006இல் லீகுக்குத் திரும்பினார்கள். 44 வருஷக் காத்திருப்பு!

இங்கே பாருங்கள். அதே 1880-களில்தான் பாபநாசத்தில் தாமிரபரணி விழுகிற வேகத்தை நம்பி, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹார்வி சகோதரர்கள் வி.கே.புரத்தில் ஆலை எழுப்பினார்கள். அங்கேயும் ஆலை ஊர், இங்கேயும் ஆலை ஊர். லங்காஷயர் ஊர்களுக்கு மட்டும் கூடுதலாகக் கிடைத்தது லீகில் ஆடும் ஒரு சொந்த கிளப்!

92 கிளப், ஒரே ஏணி!

பிரீமியர் லீகில் 20 கிளப்புகள். அதன் கீழே மூன்று படிகள், படிக்கு 24. ஆக மொத்தம் 92. கீழ்ப்படிகளில் ஒவ்வொரு கிளப்பும் ஒரு பருவத்துக்கு 46 லீக் ஆட்டங்கள் ஆடவேண்டும், கோப்பை ஆட்டங்கள் தனி. ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. பணம் கொடுத்து இடம் பிடிக்க முடியாது!

நாட்டுக்கே நாயகன், கைத்தொழில் குழாய் வேலை!

1961 வரை இங்கிலாந்தில் கால்பந்து வீரருக்குச் சம்பள உச்சவரம்பு இருந்தது. கடைசியில் அது வாரத்துக்கு 20 பவுண்டு. எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் அதற்கு மேல் ஒரு காசு கிடையாது! பிரஸ்டன் என்ற பஞ்சாலை ஊரின் டாம் ஃபின்னி இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்கள் ஆடியவர். அவர் கடைசிவரை குழாய் பொருத்தும் தொழிலையும் கைவிடவில்லை. அந்த வரம்பை உடைத்தது வீரர்களின் தொழிற்சங்கம். 1907இல் தொடங்கிய அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது!

931... இந்த எண்ணை மனசில் வையுங்கள்!

டோனி ஃபோர்டு. எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? 1975இல் 16 வயதில் கிரிம்ஸ்பி என்ற மீன்பிடித் துறைமுக ஊருக்காகக் களமிறங்கினார். ஸ்டோக், ஸ்கந்தோர்ப், மான்ஸ்ஃபீல்ட், ரோச்டேல் என்று ஊர் ஊராகப் போனார். 2001இல் ஓய்வு பெற்றபோது அவர் ஆடியிருந்த லீக் ஆட்டங்கள் 931! கோல்கீப்பர் அல்லாத வீரர்களில் இங்கிலாந்து லீகின் சாதனை இது. பெரும் கோப்பை எதுவும் கையில் இல்லை. ஆனால் 26 வருஷம் பந்தாடியே வாழ்ந்தார். பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. விருது கொடுத்தது.

கோல்கீப்பர் போட்ட கோல்!

1999 மே 8. கார்லைல் அணி ஜெயிக்காவிட்டால் லீகிலிருந்தே வெளியேற்றம். ஆட்டம் சமநிலையில் இருக்கிறது, மிச்சம் சில விநாடிகள். கார்னர் கிக் விழுகிறது. கடனுக்கு வந்திருந்த கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் தன் கோலை விட்டுவிட்டு மைதானம் முழுக்க ஓடி வருகிறார், தெறித்து வந்த பந்தை உதைக்கிறார்... கோல்! ஊரின் கிளப் பிழைத்தது. பின்னாளில் அந்த ஜிம்மி கிளாஸ் டாக்சி ஓட்டிப் பிழைத்தார். அந்த ஒரு உதையை கார்லைல் இன்னும் மறக்கவில்லை!

வாரம் 30 பவுண்டிலிருந்து சாம்பியன் பட்டம் வரை!

16 வயதில் 'நீ வேண்டாம்' என்று கிளப் அனுப்பிவிட்ட பையன் ஜேமி வார்டி. பகலில் தொழிற்சாலை வேலை, மற்ற நேரத்தில் வாரம் 30 பவுண்டுக்குச் சின்ன கிளப்பில் ஆட்டம். அவரே 2015இல் பிரீமியர் லீகில் தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் போட்டு சாதனை படைத்தார். 2016இல் அவர் ஆடிய லெஸ்டர் சிட்டி சாம்பியன்!

சிக்கிம் மலையிலிருந்து பஞ்சாலை ஊருக்கு!

நம்ம இந்திய வீரர் பைச்சுங் பூட்டியா 1999இல் ஒப்பந்தம் போட்டது எந்த ஊரோடு? பரி! அதுவும் லங்காஷயர் பருத்தி ஊர்தான், மூன்றாம் படியில் ஆடிய கிளப். 37 லீக் ஆட்டங்கள், 3 கோல்கள். அந்தச் சின்ன கிளப்பின் பழம்பெருமை தெரியுமா? 1903 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் டெர்பியை 6-0 என்று நொறுக்கியது. 116 வருஷம் கழித்து, 2019இல்தான் மான்செஸ்டர் சிட்டி அந்த வித்தியாசத்தைச் சமன் செய்தது. அதே 2019இல் பணநெருக்கடியால் பரி லீகிலிருந்து நீக்கப்பட்டது. ரசிகர்கள் மீண்டும் கீழ்ப்படியிலிருந்து தொடங்கி கிளப்பை உயிர்ப்பித்திருக்கிறார்கள்.

பெண்களும் உண்டு! சென்னையில் பிறந்த கோல்கீப்பர் அதிதி சௌஹான், 2015இல் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணியில் இடம்பிடித்தார்.

முதுகில் 'யோகநாதன்'!

இனி சொல்லப்போவதுதான் உச்சம். பர்ன்ஸ்லி, யார்க்‌ஷயரின் நிலக்கரிச் சுரங்க ஊர். 1887இல் அந்த ஊர் கிளப்பைத் தொடங்கியவர் ஒரு பாதிரியார்! தேவாலயப் பெயரையே கிளப்புக்கும் வைத்தார். ஊசிக்கோபுரத்தைச் சுற்றிப் பள்ளிக்கூடமும் கல்லூரியுமாக வளர்ந்த பாளையங்கோட்டைக்காரர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 1912இல் எஃப்.ஏ. கோப்பையையே தட்டிச் சென்ற கிளப் அது.

அந்த பர்ன்ஸ்லியின் நடுக்கள வீரர் விமல் யோகநாதன். 2006 ஜனவரியில் பிறந்தவர், வட வேல்ஸில் வளர்ந்தவர், ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. கிளப்பின் அகாடமியில் பயின்று, 2024 ஆகஸ்டில் விகன் அணிக்கு எதிரான லீக் கோப்பை ஆட்டத்தில் முதன்மை அணிக்காகக் களமிறங்கினார். பிரிட்டனின் தொழில்முறைக் கால்பந்தில் ஆடிய முதல் தமிழர் என்று செய்திகள் கொண்டாடின. அப்போது அவருக்கு வயது 18!

அகாடமியில் சேருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பாதியிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அந்தச் சல்லடையில் தங்குவதே மலையேறுவதுபோல. பர்ன்ஸ்லி அப்போது ஆடியது மூன்றாம் படி லீக்தானே என்று யாரும் குறைத்து எடைபோட வேண்டாம். தொழில்முறைக் கால்பந்தில் கால் வைக்க, லீக் தொடங்கி 136 வருஷம் கழித்து 2024இல்தான் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு வாய்த்தது!

நெல்லைப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை

வ.உ.சி. மைதானத்திலும், அண்ணா விளையாட்டரங்கத்திலும், ஆற்றங்கரைத் திடல்களிலும் நம்ம பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள். பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரைக் கிராமமான இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். வரை போய்விட்டார். 'மெஸ்ஸி ஆகமுடியுமா?' என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். மெஸ்ஸி ஆகாவிட்டாலும் பந்தாட்டம் ஒரு மானமான தொழில்தான் என்று டோனி ஃபோர்டின் 26 வருஷம் சொல்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் பிள்ளையின் ஆட்டத்தைக் கோட்டோரத்தில் நின்று முழுசாகப் பாருங்கள்.