பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வரிச் சலுகை உண்டா?

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் நமது மளிகைக் கடைகளில் பற்று நோட்டு வேகமாக நிரம்பும். பீசுக்கும் சீருடைக்கும் கையிலுள்ள பணம் போய்விடுவதால், அரிசியும் பருப்பும் கடனுக்குத்தான் போகும். இந்தச் சுமைக்கு அரசு வரியில் ஏதேனும் தள்ளுகிறதா என்பது வணிகர்களுக்கும் அவர்களது வாடிக்கையாளர்களுக்கும் பொதுவான கேள்வி.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2023-ல் பிள்ளை ஒன்றுக்கு 1,750 டாலர் வரை வரிச் சலுகை கொண்டுவந்தது. வரி கட்டாத ஏழைக் குடும்பத்துக்கும் அது ரொக்கமாகவே சேரும். நமது மாநில அரசுக்கு அந்த வழி இல்லை. விவசாய வருமானம் நீங்கலாக மற்ற வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது. உள்ளாட்சியில் நாம் கட்டும் தொழில் வரியும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. அதை முழுவதும் தள்ளினாலும் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவுக்குக் காணாது.

மத்திய அரசின் வருமான வரியில், 80சி என்று நாம் பழகிய கழிவில், இரண்டு பிள்ளைகளின் டியூஷன் பீஸ் அடங்கும். மற்றச் சேமிப்புகளும் சேர்ந்து உச்சவரம்பு 1,50,000 ரூபாய். ஆனால் இது பழைய வரி முறைக்கு மட்டுமே. புதிய முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரை வருமானமுள்ள தனிநபருக்கு வரியே இல்லை. ஆகவே சிறு வணிகர் பலருக்குப் பழைய முறை தேவைப்படாது. தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போய்ப் புதியதற்குத் திரும்பினால், மறுபடி பழையதற்குப் போக முடியாது. ஆடிட்டரிடம் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யவும்.

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இந்தக் கழிவால் பயனில்லை. வருமான வரி கட்டாதவருக்கு எதில் தள்ளுவது? ஆனால் நம்மிடம் வாங்கும் சோப்பிலும் பிஸ்கட்டிலும் அவர்களும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார்கள். அவர்களுக்கு நேரடி உதவியே உதவி. விருதுநகர் மண்ணின் மைந்தர் காமராஜர் 1950-களில் கொண்டுவந்த மதிய உணவும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அவ்வகையைச் சேர்ந்தவை. பள்ளியில் பிள்ளை சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் வீட்டில் மிச்சம். அந்த மிச்சம் நமது கல்லாவுக்குத்தான் வரும். பழைய பாக்கியும் அடையும்.

1992-ல் தொடங்கிய பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். ஒரே பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண்கள் என்றால் தலா 25,000 ரூபாய் என வைப்புத் தொகை வகுக்கப்பட்டது. ஆண் வாரிசு இருக்கக்கூடாது. பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும். வருமான வரம்பும் உண்டு. ஒரே பெண் என்றால் அவளுக்கு, இருவர் என்றால் இளையவளுக்கு, மூன்று வயது முடியுமுன் விண்ணப்பிக்க வேண்டும்.

கைக்குழந்தையோடு கடைக்கு வரும் தாயிடம் சாமான் கட்டும் நேரத்தில் இதைச் சொல்லுங்கள். சமூக நல அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ விவரம் கேட்கச் சொல்லுங்கள். கெடு தாண்டினால் எந்த அலுவலகமும் ஏற்காது.