மூலையில் கிடக்கும் தண்ணீர் மெசின்

ஏறாவூரில் இருக்கும் என் ராத்தாவின் கணவர் ஒரு நவம்பர் மாதத்து அடைமழை நாளில் மௌத்தானார். செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதியில் கொஞ்சத் தூரம் போனால் மச்சானுக்கு ஒரு தோட்டக் காணி உண்டு. கத்தரி, பயற்றை, மிளகாய் போடுவார். கோடையில் கிணற்றுத் தண்ணீரை இறைத்துப் பாய்ச்ச, மண்ணெண்ணெயில் ஓடும் பழைய மெசின் ஒன்று வைத்திருந்தார். குடும்பம் சாப்பிட்டது அந்த மெசினின் உழைப்பில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

ராத்தா இத்தா இருந்த நான்கு மாதமும் பத்து நாட்களும் அந்த மெசின் கொட்டிலின் மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. இத்தா முடிந்தபோது மழையும் முடிந்து வெயில் ஏறியிருந்தது. கன்று நட வேண்டும், தண்ணீர் வேண்டும். மூத்த மகன் கயிற்றைப் பிடித்து இழுத்தான். பத்துத் தரம், இருபது தரம் இழுத்தான். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம், மெசின் ஒரு முறைகூட இருமவில்லை.

"இது பழசு ராத்தா. இனி ஓடாது. இரும்பு விலைக்குக் குடுத்துப் போடுங்க" என்றார்கள் வந்து பார்த்தவர்கள். ஒருவர் விலையும் பேசிவிட்டார். புதிது வாங்கக் கையில் காசு இல்லை. மூன்று பிள்ளைகளின் பள்ளிச் செலவே பெரும்பாடாக இருந்த நேரம் அது.

கடைசியாக ஒரு தரம் பார்ப்போம் என்று, ஆட்டோவில் ஏற்றி, மகனையும் கூட்டிக்கொண்டு செங்கலடியில் உள்ள ஒரு கராஜுக்குப் போனார் ராத்தா. அங்கிருந்த வயதான மெக்கானிக் தாங்கியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். காபரேட்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பலாப்பால் காய்ந்து ஒட்டியதுபோல் மஞ்சளாக ஒரு பிசின். எண்ணெய் வரும் ஊசித் துளை முழுதாக அடைபட்டிருந்தது.

"மெசின் உழைச்சுக் கெடுறதில்ல பிள்ளை. சும்மா கிடந்துதான் கெடுறது" என்றார் அவர். கழுவிப் பூட்டி, ஒயில் மாற்றி, புது புளக் ஒன்று போட்டார். மூன்றாவது இழுவையில் மெசின் ஓடியது. இரும்பு விலைக்குப் போக இருந்த மெசினின் வருத்தம் அந்தப் பிசின் மட்டும்தான்!

சகோதரிகளே, அந்த மெக்கானிக் ராத்தாவுக்குச் சொல்லிக் கொடுத்தவற்றையும், மெசினோடு வரும் கைநூல்கள் சொல்பவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கும், ஆண் துணை இல்லாத வீடுகளுக்கும் இது கட்டாயம் பயன்படும். இதில் பெண்ணால் செய்ய முடியாதது ஒன்றும் இல்லை. தையல் மெசினுக்கு எண்ணெய் விடத் தெரிந்தவருக்கு இதுவும் வரும்.

ஏன் கெடுகிறது?

பெற்றோல் ஒன்றிரண்டு மாதம் சும்மா நின்றாலே பழுதாகத் தொடங்கும். அதன் மெல்லிய பகுதி ஆவியாகிப் போக, மீதி பிசினாக ஒட்டிக்கொள்ளும். மாரிக் காலத்து ஈரம் தாங்கிக்குள் துருவை உண்டாக்கும். நம் தண்ணீர் மெசின்கள் கோடையில் உழைத்து மாரியில் உறங்குபவை. கனடா போன்ற குளிர் நாடுகளில் வீட்டு வாசலில் விழும் பனியைத் தள்ளி எறிய ஒரு சிறு இயந்திரம் வைத்திருப்பார்கள். அது மாரியில் உழைத்துக் கோடையில் உறங்கும். ஆனால் அங்கும் இதே நோய்தான், இதே மருந்துதான்.

மண்ணெண்ணெய் மெசினின் குணம்

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலேசில் ஆவியாகாது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களைக்கூட மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஒரு சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியை ஊட்டிக் கிளப்பி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். நம் மெசினிலும் பெற்றோலுக்குத் தனியாக ஒரு சிறு தாங்கி இருப்பது இதற்காகத்தான். கிளப்புவது பெற்றோலில். சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும்.

பலரும் மறப்பது அடுத்ததை. நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பே மறுபடி பெற்றோலுக்குத் திருப்ப வேண்டும். அப்போதுதான் காபரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காது. மறுநாள் கயிறு இழுத்துக் கை நோகாது.

எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலப்பதும் உண்டு. ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தால், அல்லது மண்ணெண்ணெய் வாடை அடித்தால், உடனே மாற்றிவிடுங்கள். கலங்கிய ஒயிலில் ஓடும் மெசின் தன்னைத்தானே தேய்த்துக்கொள்கிறது.

ஓடும் காலத்தில் கவனிக்க வேண்டியவை

* ஒவ்வொரு நாளும் கிளப்புமுன் மெசினை மட்டமான இடத்தில் வைத்து ஒயில் அளவைப் பாருங்கள். சாதாரணமாக 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்ற வேண்டும். சிறிய மெசினுக்கு அரை லீற்றருக்குச் சற்று மேலே போதும். கழிவு ஒயிலைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

* காற்று வடிகட்டியை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். பஞ்சு வடிகட்டியைச் சவர்க்கார நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, சில துளி ஒயில் விட்டுப் பிழிந்து போட வேண்டும். புழுதி போனால் பிஸ்டன் தேயும்.

* பம்புக்குள் தண்ணீர் நிரப்பாமல் ஒருபோதும் கிளப்பாதீர்கள். தண்ணீர் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே உள்ளே இருக்கும் சீல் கருகிவிடும்.

* மெசின் ஓடியும் தண்ணீர் வரவில்லையென்றால் முதலில் உறிஞ்சும் குழாயில் காற்றுப் புகுகிறதா என்று பாருங்கள். வாசர், குழாய் மூட்டு, அடியில் உள்ள புட்வால்வு ஆகியவைதான் பெரும்பாலும் குற்றவாளிகள். மெசினிலிருந்து நீர்மட்டம் 7, 8 மீற்றருக்குக் கீழே போனால் எந்த நல்ல மெசினாலும் உறிஞ்ச இயலாது.

* தண்ணீர் இறங்கிவிட்டது என்பதற்காக மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகையில் நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு உண்டு. உள்ளே இறங்குபவர் மயங்கி விழுந்து உயிர் போகும். காப்பாற்ற இறங்குபவரும் போவார்.

* மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைக்காதீர்கள். தாகத்தில் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

* கயிறு இழுக்கும்போது முந்தானையையும் முக்காட்டையும் ஒதுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். சூடான மெசினுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

மழைக்கு முன் ஒரு மணி நேரம்

ஐப்பசி மழை பிடிக்குமுன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தாங்கிகளில் உள்ள எண்ணெயை முழுக்க வடித்துவிடுங்கள். காபரேட்டரின் அடியில் இருக்கும் சிறு ஆணியைத் தளர்த்தினால் அதில் நிற்பதும் வடியும். பழைய ஒயிலை மாற்றுங்கள். புளக்கைக் கழற்றி, அந்தத் துளையால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாகச் சில தரம் இழுங்கள். ஒயில் உள்ளே பரவும். புளக்கைத் திரும்பப் பூட்டி, கை கனக்கும் இடம்வரை கயிற்றை இழுத்து அப்படியே விட்டுவிடுங்கள். அந்த நிலையில் வால்வுகள் மூடியிருப்பதால் ஈரம் உள்ளே போகாது. பம்பிலுள்ள தண்ணீரையும் வடித்து, வாவித் தண்ணீர் இறைத்திருந்தால் நல்ல தண்ணீரால் கழுவி, தரையில் வைக்காமல் உயரமான பலகையில் ஏற்றி வையுங்கள்.

உயரம் ஏன் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பில் யார் மறந்தார்கள்? வெள்ளத்தில் மூழ்கிய மெசினை எடுத்தவுடன் கயிறு இழுப்பது பெரும் பிழை. புளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஒயிலையும் எண்ணெயையும் மாற்றிய பிறகே கிளப்ப வேண்டும்.

புல்லு வெட்டும் மெசின் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெற்றோலோடு ஒயில் கலந்து ஊற்ற வேண்டும். 25க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 40 மில்லிலீற்றர். 50க்கு 1 என்றால் 20 மில்லிலீற்றர். வெறும் பெற்றோல் ஊற்றினால் பிஸ்டன் இறுகி மெசின் அன்றோடு முடிந்துவிடும். கலந்த போத்தலில் அடையாளம் எழுதி வையுங்கள்.

எப்போது விற்கலாம்?

பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. கயிற்றை மெதுவாக இழுக்கும்போது எதிர்த்துக் கனத்தால் மெசினில் இன்னும் உயிர் இருக்கிறது. கனமே இல்லாமல் வந்தால், நீலப் புகை தள்ளினால், ஒயில் குடித்தால் உள்ளே தேய்ந்துவிட்டது. சிலவற்றைக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட்டு மீட்கலாம். செலவு புதியதின் பாதி விலையைத் தாண்டினால், அல்லது உதிரிப்பாகம் கிடைக்காவிட்டால் விற்றுவிடுவதே நல்லது. ஆனால் முதலில் காபரேட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். அதன் ஊசித் துளையைக் கம்பியால் குத்த விடாதீர்கள். துளை பெருத்தால் எண்ணெய் குடிக்கும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக ஏறியதைப் பார்த்தவர்கள் நாம். ஒவ்வொரு துளிக்கும் இப்போது கணக்கு உண்டு. பராமரிப்பு இல்லாமல் எண்ணெயை வீணாக்குவதும் வீண்விரயம்தானே?

ராத்தா இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறார். மெசின் எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது ஒயில் மாற்றியது என்று மகள் எழுதுகிறாள். அடுத்த மாரி தொடங்குமுன் எண்ணெய் வடித்ததும், புளக் கழற்றியதும் ராத்தாவின் கைதான். வெயில் வந்ததும் மகன் கயிற்றைப் பிடித்தபோது, "பொறு, நான் இழுக்கிறேன்" என்று பிஸ்மில்லாஹ் சொல்லி இழுத்தார். இரண்டாவது இழுவையில் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்தது.

உங்கள் வீட்டுக் கொட்டிலின் மூலையிலும் சாக்கு மூடிய ஒரு மெசின் கிடக்கக்கூடும். இன்று அஸருக்குப் பிறகு போய் அதன் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள்.