முதுகுவலியில் இரண்டு வகை!

குனிந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்குகிறோம். 'சுளீர்' என்று இடுப்பில் ஒரு வலி. "வாய்வுப் பிடிப்பு" என்கிறார்கள் வீட்டில். தைலம் தேய்க்கிறோம். பலருக்கு நாலு நாளில் வலி போய்விடுகிறது. சிலருக்குப் போவதில்லை. காலுக்கு இறங்குகிறது. வேறு சிலருக்குக் காய்ச்சலும் சேர்ந்துகொள்கிறது.

எல்லாம் ஒரே வலி அல்ல. வித்தியாசம் தெரிந்தால் ஆபத்தைத் தடுக்கலாம்.

நுங்கு போன்ற வட்டு

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. அது சிறு எலும்புகளின் அடுக்கு. எலும்புகளுக்கு இடையே மெத்தை போல் ஒரு வட்டு இருக்கிறது. டாக்டர்கள் அதை "டிஸ்க்" என்பார்கள். கழுத்து முதல் இடுப்பு வரை 23 வட்டுகள் இருக்கின்றன.

வட்டின் வெளிப்புறம் கெட்டியான நார். உள்ளே நுங்கு போல் வழவழப்பான பொருள். நடக்கும்போதும் குதிக்கும்போதும் அதிர்ச்சியைத் தாங்குவது இதுதான்.

பகலில் பாரம் தாங்கும் வட்டு, கொஞ்சம் நீரை இழக்கிறது. இரவில் படுத்ததும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் மாலையைவிடக் காலையில் நாம் சிறிது உயரமாக இருக்கிறோம்!

வட்டு பிதுங்கினால்...

வயது ஏற ஏற நார் தளர்கிறது, விரிசல் விடுகிறது. உள்ளே இருக்கும் பொருள் வெளியே பிதுங்குகிறது. பக்கத்தில் காலுக்குப் போகும் நரம்பு இருக்கிறது. அதை அழுத்தினால், வலி இடுப்பிலிருந்து பாதம் வரை மின்சாரம் போல் பாய்கிறது!

அமெரிக்காவில், பாஸ்டன் நகர டாக்டர்கள் மிக்ஸ்டர், பார் ஆகிய இருவரும் 1934-ல் இதை விளக்கினார்கள். அதற்கு முன், முதுகில் ஆபரேஷன் செய்து எடுத்த துண்டுகளைக் "கட்டி" என்று குறித்து வைத்திருந்தார்கள். இருவரும் அவற்றை மறுபடி பரிசோதித்தார்கள். பல துண்டுகள் கட்டியே அல்ல, பிதுங்கிய வட்டு!

இதற்குப் பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. சில வாரங்களில் வலி தணிகிறது. பிதுங்கிய துண்டைப் பல சமயம் உடலே கரைத்துவிடுகிறது. படுத்தே கிடக்காமல் மெல்ல நடமாடுவது நல்லது.

கிருமி புகுந்தால்...

இது வேறு கதை. உடலில் எங்கோ ஒரு புண். அல்லது சிறுநீர்ப் பாதையில் கிருமி. அது இரத்தத்தில் கலந்து முதுகெலும்புக்கு வந்து, வட்டையும் அரிக்கிறது. பெரியவர்களின் வட்டுக்குள் இரத்தக் குழாய் அநேகமாக இல்லை. ஆகவே கிருமியை எதிர்க்கும் சக்தி அங்கே எளிதில் எட்டுவதில்லை. நீரிழிவு உள்ளவர்கள் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

காசநோய் நுரையீரலை மட்டும் பிடிக்கும் என்று எண்ணாதீர்கள். முதுகெலும்பையும் பிடிக்கும். லண்டன் டாக்டர் பெர்சிவல் பாட், முதுகு கூனிக் கால்கள் செயலற்றுப்போகும் இந்த நோயைப்பற்றி 1779-ல் எழுதினார். கிருமி எது என்று அவருக்குத் தெரியாது. ஜெர்மானியரான ராபர்ட் காக் 1882-ல்தான் அதைக் கண்டுபிடித்தார்.

எப்படி அறிவது?

வட்டுப் பிதுக்கத்தில், வசதியாகப் படுத்தால் பெரும்பாலும் வலி குறையும். கிருமி வலி படுத்தாலும் விடாது, இரவிலும் வாட்டும். காய்ச்சல் வரலாம், வராமலும் இருக்கலாம். உடல் மெலிதல், பசியின்மை, மாலைக் காய்ச்சல் இருந்தால் காசநோயோ என்று சந்தேகிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் உண்மையைக் காட்டிவிடும்.

சாதாரணக் கிருமிக்குச் சுமார் 6 வாரம் மருந்து தேவைப்படும். காசநோய்க்குப் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசநோய் மருந்து இலவசம். வலி போனதும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. கிருமி மறுபடி தலைதூக்கும்!

காத்திருக்காதீர்கள்!

சிறுநீர் திடீரென்று அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால்கள் வலுவிழந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒருநாள் தாமதம்கூட நடக்கும் சக்தியைப் பறித்துவிடலாம்.

காரணம் தெரியாமல் முதுகை மிதிக்கவோ முறுக்கவோ விடாதீர்கள். தைலம் தேய்ப்பதில் தவறில்லை. ஆனால் காய்ச்சலோடு வரும் முதுகுவலிக்குத் தைலம் மருந்தாகாது!