பச்சைக் கல்லும் பழுப்புச் சீட்டும்

பச்சையாய்ப் பளபளப்பதெல்லாம் மரகதம் என்று நினைப்பது மனித சுபாவம். மரகதத்துக்கு எவ்வித உறவும் இல்லாத மற்றொரு பச்சை ரத்தினமும் உண்டு. அதன் பெயர் பெரிடாட். இளந்தளிரை வெயிலில் பிடித்துப் பார்த்தாற் போன்ற நிறம். சாணை பிடித்து மோதிரத்தில் பதித்த கல்லை நேயர்களிற் சிலர் பார்த்திருக்கலாம். ஆனால் சாணையே காணாத படிகங்களைத் தேடிச் சேர்த்து, கண்ணாடிப் பேழையில் வைத்து மகிழ்வோரும் உலகில் இருக்கிறார்கள்.

வெட்டாத கல்லில் அப்படி என்ன விசேஷம்? மக்னீசியமும் இரும்பும் சிலிக்காவும் சேர்ந்த ஆலிவின் என்ற கனிமத்தின் ரத்தின வகையே பெரிடாட். இரும்புதான் அதற்குப் பச்சையைக் கொடுக்கிறது. அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்துச் சான் கார்லோஸில், எரிமலைக் குழம்பு ஆழத்திலிருந்து அள்ளி வந்த பெரிடாட், கரும்பாறைக்குள் உடைத்த கற்கண்டு போல் அப்பிக் கிடக்கிறது. அதற்கு ஒழுங்கான முகங்கள் இல்லை. பாறை வெடிப்பில் தங்குதடையின்றி வளர இடம் கிடைத்தால்தான், நெடுகிலும் மெல்லிய வரிகளும் கூரை போன்ற உச்சியும் கொண்ட முழுப் படிகம் உருவாகிறது. இதற்குப் பெயர்பெற்ற இடங்கள் இரண்டு: செங்கடலில் எகிப்துக்குச் சொந்தமான ஸபர்கத் தீவு ஒன்று, 1990-களின் தொடக்கத்தில் தெரியவந்த, பாகிஸ்தானின் கோஹிஸ்தான் பிரதேசத்து ஸபாத் மற்றொன்று. ஸபாத் சுரங்கங்கள் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கின்றன.

அரியதென்றால் மோசடியும் கூடவே வரும். உடைந்த படிகத்தைப் பசையிட்டு ஒட்டுவார்கள். சிதைந்த முகத்தைத் தேய்த்துப் புதிதாக்குவார்கள். வாங்குமுன் பூதக்கண்ணாடியால் பார்க்கவேண்டும். இயற்கை முகத்தில் வளர்ச்சியின் வரிகள் இருக்கும். தேய்த்த முகம் வழுவழுப்பாக இருக்கும். புற ஊதா விளக்கின் கீழ் பெரிடாட் ஒளிர்வதில்லை. பசையோ பல சமயங்களில் ஒளிர்ந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

காட்சிக்கு வைக்கும்போது ஒளி பின்புறத்திலிருந்து வரட்டும். அப்போதுதான் பச்சை உயிர் பெறும். சுடும் விளக்கை அருகில் வைத்தால் விரிசல் காணும். அமிலம் இந்தக் கல்லை அரித்துவிடும். அழுக்குப் போக்க மெல்லிய தூரிகையும் சோப்பு நீருமே போதும்.

இவை யாவற்றிலும் முக்கியமானது, கல்லின் கீழே வைக்கும் சிறு சீட்டு. எந்த நாடு, எந்த மலை, எந்த ஆண்டு என்ற விவரம் அதில் இருக்கவேண்டும். ஸபர்கத் தீவின் கதையே இதற்குச் சாட்சி. அத்தீவைப் பண்டைய கிரேக்கர் டோபாஸியோஸ் என்றனர். அங்கே விளைந்த பச்சைக் கல்லும் அப்பெயரையே பெற்றது. பிற்காலத்தில் அந்தப் பெயர் முற்றிலும் வேறான டோபாஸ் கல்லுக்குப் போய்விட்டது. தீவின் சுரங்கங்களும் பல நூற்றாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தன.

பிறரைச் சொல்வானேன்? பள்ளிக்கூடத்து அலமாரிக் கற்களை ஒருநாள் நாமே கழுவி வெயிலில் பரப்பினோம். காற்றடித்துச் சீட்டுகள் கலந்துபோயின. அவற்றுள் விரல்நுனியளவு பெரிடாட் ஒன்றும் இருந்தது. கல் இன்றும் பளபளக்கிறது. "ஸார், இது எந்த ஊர்க் கல்?" என்று மாணவன் கேட்கும்போதுதான் நம்மிடம் பதில் இல்லை.

கல்லைப் பூமி கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்துக் கொடுத்தது. சீட்டைக் காக்கவேண்டியவர்கள் நாம்தான்.