கோப்பு போகும், செயலி ஏன் போகாது?

அரக்கோணம் சந்திப்பில் சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டுத் தடங்கள் கூடுகின்றன. வீட்டு வைஃபை ரவுட்டரும் ஒரு குட்டிச் சந்திப்புதான். கூடத்து லேப்டாப்புக்கு 192.168.1.5, அறைக் கணினிக்கு 192.168.1.6 என அதுவே எண் கொடுக்கும். 192.168 வரிசை உள்வீட்டுப் புழக்கத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஒரு கணினியில் ஃபோல்டரை 'ஷேர்' செய்தால் அதிலுள்ள கல்யாண வீடியோ ரவுட்டர் வழியாகவே மற்றதற்குப் போய்விடும். வெளி இணையத்தைத் தொடாது, டேட்டா பேக்கும் கரையாது.

செயலி அப்படியல்ல. கணக்கு மென்பொருளின் ஃபோல்டரை மட்டும் நகலெடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் பிழைச்செய்திதான் வரும். நிறுவும்போதே அது விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பல குறிப்புகளை எழுதி, டிஎல்எல் எனும் துணைக் கோப்புகளை வேறு இடங்களில் வைத்திருக்கும். நாம் எடுத்தது கிளையை. வேர் பழைய கணினியிலேயே. செயலியை இரண்டிலும் நிறுவி, கணக்குக் கோப்பை மட்டும் பொதுவில் வையுங்கள். ஒருவர் திறந்திருக்கையில் அந்தக் கோப்பு மற்றவருக்குப் பூட்டிக்கொள்ளக்கூடும். அது கோளாறல்ல, காவல்.