கணினி வெப்ப மேலாண்மை

கணினி வெப்ப மேலாண்மை என்பது கணினியின் உள்ளே உருவாகும் வெப்பத்தை அளந்து, வெளியேற்றி, பாகங்களைப் பாதுகாக்கும் முறையாகும். செயலி பயன்படுத்தும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அதன் மேல் பொருத்தப்பட்ட அலுமினிய அல்லது செப்பு வெப்ப உறிஞ்சி வெப்பத்தை ஏற்கிறது. மின்விசிறி அதைக் காற்றில் வெளியேற்றுகிறது. செயலிக்கும் வெப்ப உறிஞ்சிக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளை வெப்பப் பசை நிரப்புகிறது.

வேகக் குறைப்பு

செயலிக்குள்ளேயே வெப்ப உணரிகள் உள்ளன. வெப்பநிலை வரம்பை எட்டினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்டெல் செயலிகள் பலவற்றில் இவ்வரம்பு 100 பாகை செல்சியசு ஆகும். அதற்கு மேலும் சூடேறினால் கணினி தானாக அணைந்துவிடும். எனவே காணொளித் தொகுப்பு, விளையாட்டு போன்ற கடும் பணிகளைத் தொடங்கிச் சில நிமிடங்களில் மந்தமாகும் கணினி பழுதடைந்ததாகவோ பழையதாகவோ இருக்க வேண்டியதில்லை. வெப்பமே காரணமாக இருக்கலாம். புதிய கணினி வாங்கும் முன் இதைச் சோதிப்பது நன்று.

கண்காணித்தல்

பயாசு திரையில் வெப்பநிலையைக் காணலாம். ஆனால் அப்போது கடும் பணி எதுவும் நடப்பதில்லை. எனவே பணி நடக்கும்போதே அளக்க வேண்டும். லினக்சில் 'சென்சார்ஸ்' கட்டளையும், விண்டோசில் 'கோர் டெம்ப்' போன்ற மென்பொருள்களும் இதற்கு உதவுகின்றன. மின்விசிறியால் செயலியை அறை வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்க இயலாது. ஆகவே கோடையில் அளவுகள் உயர்வது இயல்பு.

பராமரிப்பு

வெப்ப உறிஞ்சியின் தகடுகளில் படியும் தூசியே பெரும்பாலும் சிக்கலுக்குக் காரணம். மின்னிணைப்பைத் துண்டித்து, மின்விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு, காற்றை ஊதித் தூசியை அகற்றலாம். பெட்டியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைப்பதும், மடிக்கணினியை மெத்தை மீது வைக்காதிருப்பதும் காற்றோட்டத்தைக் காக்கும். தூசி நீக்கிய பின்னரும் வெப்பம் குறையாவிட்டால், உலர்ந்துபோன வெப்பப் பசையை மாற்ற வேண்டியிருக்கலாம்.