பழைய சைக்கிளுக்குப் புது ஹாண்டில்பார்

அப்பா காலத்துச் சைக்கிளுக்குப் புதுமாதிரி ஹாண்டில்பார் பூட்டலாமா என்று மாதுங்கா, செம்பூர் நண்பர்கள் கேட்பதுண்டு. பூட்டலாம்.

அம்பத்தூரில் 1951 முதல் உருவான ஹெர்குலிஸ் போன்ற கம்பிப் பிரேக் வண்டிகளில், ஹாண்டில்பாரின் தண்டு முன்போர்க்கின் குழாய்க்குள் இறங்கி நிற்கும். 1990களில் பரவிய முறையிலோ, ஹாண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் அக்குழாயை வெளியிலிருந்து கவ்வும். குழாயின் உள்விட்டம் 22.2 மில்லிமீட்டர்தானா என்று அளந்து, மேற்பகுதி 28.6 மில்லிமீட்டருள்ள இடைத்தண்டைச் செருகினால் போர்க்கை மாற்றவேண்டியதில்லை.

ஆனால் பிரேக் கம்பிகள் பழைய ஹாண்டில்பாரோடு பிணைந்தவை. அது போனால் அவையும் போகும். அவ்வண்டிகளின் ரிம், உட்புறம் அழுத்தும் கட்டைக்கென்றே வளைக்கப்பட்டது. பக்கவாட்டில் கவ்வும் கேபிள் பிரேக் அதில் சரியாகப் பிடிக்காது. ஆகையால் ரிம்மையும் மாற்ற வசதியிருந்தாலன்றித் தாராவிக் கடைக்கு வண்டியைத் தள்ளாதீர்கள். மழைக்கால மும்பையில், நிற்காத வண்டி அழகாகத் திரும்பி என்ன பயன்?